வாசலை மறித்த அம்மா

வார்டுக்குள் வந்த பாதரின் கையில் நோயாளரின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசும் எண்ணெய்ச் சிமிழைக் கண்டதும் எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

அன்று அப்பா இதேபோல ஒரு கட்டிலில் கிடந்தார். பினாயில் வாடையும் துறைமுகத்து உப்புக்காற்றும் கலந்து மூக்கில் ஏறின. சிமிழோடு வந்த பாதரை அம்மா வாசலிலேயே மறித்தார்.

“இப்ப வேண்டாம் பாதர். எண்ணெய் பூசினா, சாகப்போறன் எண்டு இவர் பயந்திடுவார்.”

வெள்ளை அங்கி திரும்பிப் போனது. பின்னேரமே அப்பா செத்துப்போனார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிண்ணியா ஊர்க்காரர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

“காலமை தொடக்கம் அவர் பாதரைத்தான் கேட்டவர், தங்கச்சி. நீங்க பயந்திடுவீங்களெண்டு உங்களிட்டச் சொல்லேல்ல.”

அதற்காக அம்மாவை நான் மன்னித்ததே இல்லை.

இன்று கட்டிலில் அம்மா. மூன்று நாளாகப் பேச்சில்லை. அவரை விட்டால் எனக்கு ஒருவருமில்லை. ஓடிப்போய்ப் பாதருக்குக் குறுக்கே நின்றேன்.

“பிறகு வாங்கோ பாதர். அம்மா பயந்திடுவா.”

பாதர் என் தோளுக்கு மேலால் பார்த்தார். நானும் திரும்பினேன். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் போர்வைக்கு வெளியே அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் எண்ணெய்க்காக விரிந்து கிடந்தன.