பத்தாமல் போன கரண்டு

கண்ணுகளா, எனக்குக் கதை கட்டிச் சொல்ல வராது, நடந்ததைத்தான் சொல்ல வரும். இது மதுக்கரையில் எங்கள் பட்டறையில் ஆயுதபூஜைக்கு மறுநாள் நடந்தது. அப்போது நான் உங்களில் சின்னவன் அளவுதான் இருப்பேன்.

என் அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு இழைப்பு மெஷின். சொரசொரப்பான பலகையை ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் மழமழவென்று வெளியே வரும். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, காங்கேயத்தில் ஒரு மரக்கடையில் பழசாக வாங்கி, அப்பா தொழில் தொடங்கக் கொடுத்தது. அதற்கு என்னைவிட வயது அதிகம். அப்பாவின் அக்காவான என் அத்தை, அது நின்றுபோகும் நாளில் மட்டும் ‘பொறந்த ஊட்டு மெஷின்’ என்று அம்மாவுக்கு ஞாபகப்படுத்துவார். ஓடும் நாளில் அந்தப் பேச்சே இருக்காது.

அன்றைக்கு அத்தை வந்திருந்தார். மகள் கல்யாணத்துச் சீர்க்கட்டிலுக்குப் பலகை இழைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டுமாம். அப்பா சுவிட்சைப் போட்டார். மெஷின் கம்பீரமாகச் சுற்றியது. பலகையைத் தள்ளியதும் முனகியது. பிளேடு மாட்டிய உருளை நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“சும்மா இருந்தா நல்லாச் சுத்துது, வேலை குடுத்தாப் படுத்துக்குது. உன்ற அண்ணனாட்டவே இருக்குது அம்மணி!” என்றார் அத்தை. பிறகு அப்பாவிடம், “இதையக் காயலாங்கடைக்குப் போட்டுப்போட்டு, கட்டில டவுன்ல சொல்லீரலாம் தம்பி.”

அம்மாவுக்கு முகம் சிறுத்துப்போனது. “நேத்துத்தானுங்க ஒவ்வொண்ணாத் தொடச்சுப் பொட்டு வெச்சேன்...” என்று முழுங்கினார்.

அப்பா பிளேடுகளைத் தடவிப் பார்த்தார். பூஜைக்கு முன்புதான் சாணை பிடித்தது, கூர் போகவில்லை. சீவும் ஆழத்தைக் குறைத்தார். அப்போதும் உருளை நின்றது. மேலே தொங்கிய பல்பைப் போட்டுவிட்டுப் பலகையைத் தள்ளினார். பல்பு கொஞ்சம்கூட மங்கவில்லை. கடைசியில் மெயினை அணைத்துவிட்டு, மெஷினுக்கு அடியில் கை விட்டு, மோட்டாரிலிருந்து உருளையைச் சுற்றவைக்கும் பெல்ட்டைத் தொட்டார். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார். அம்மா என் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் வாசம் எனக்கும் வந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். “அக்கா வந்து எத்தனை நேரமாச்சு! கடைக்குக் கூட்டீட்டுப் போயி டீ வாங்கிக் குடு போ” என்றார்.

அவர்கள் தலை மறைந்ததும் பெல்ட்டைக் கழற்றி, துணியால் அழுந்தத் துடைத்தார். மரத்தூளை அள்ளிப் போட்டுத் தேய்த்தார். மறுபடி துடைத்தார். திரும்ப மாட்டி இறுக்கினார். அவர்கள் வந்தபோது பலகை ஒரே ஓட்டமாக உள்ளே போய், சீவல் பறக்க வெளியே வந்தது.

“அட, என்ன தம்பி பண்ணுனே?”

“கரண்டு பத்தலீங்கக்கா. லீவு நாளு, ஊரே டிவியப் போட்டு ஒக்காந்திருக்குது. மெஷின் மேல ஒரு குத்தமும் இல்லீங்க.”

அத்தை பலகையைத் தடவிப் பார்த்தார். “அதான பாத்தேன். சரி, கட்டில் இங்கயே ஆகட்டும்.” அம்மா ஓடிப்போய், மெஷின் மேல் விழுந்த சீவலைத் தன் முந்தானையாலேயே தட்டிவிட்டார்.

வறண்டு வெடித்துக் கிடந்த அந்தப் பெல்ட்டைப் பார்த்து மனசு கேட்காமல் அம்மாதான் ஒரு கை எண்ணெய் வைத்திருக்கிறார். அதில்தான் அது வழுக்கியது. அப்பா அதை யாரிடமும், அம்மாவிடமும்கூட, கடைசிவரை சொல்லவில்லை. எனக்கே நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு விளங்கியதெல்லாம் ஒன்றே ஒன்று: அப்பாவுக்குக் கரண்டு பத்தவில்லை.

அதனால் நான் மட்டும் நழுவி வீட்டுக்கு வந்தேன். டிவியை நிறுத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். அப்படியும் போதாதென்று முக்காலி போட்டு ஏறி மெயினையே இறக்கினேன். வேர்த்து ஒழுக இருட்டறையில் உட்கார்ந்து காது கொடுத்தேன். நான் அனுப்பிய கரண்டில், தெருமுனையில் அப்பாவின் மெஷின் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.