வலது பக்கம், மூன்றாவது வரிசை

1. எழுந்திரு

"எழுந்திரும்மா. லேடீஸ் சீட்டு காலியாத்தானே கெடக்குது. அங்க போய் உக்காரு."

இதைச் சொன்னவன் நான்தான். கடலூர் – சிதம்பரம் ரூட்டில் ஒரு தனியார் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பஸ் கம்பெனி ஆபீசில் கேட்டார்கள். டிக்கெட் கிழிப்பதை எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது. ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது. அதை நான் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பஸ்ஸில் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். யார் போட்ட சட்டம் என்று எனக்குத் தெரியாது. மாற்றினால் சண்டை வரும், அதனால் மாற்றியதில்லை. அன்று காலை டிரிப்பில் வலது பக்கம் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம், தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் கத்தினேன். அவள் திரும்பினாள். தனபாக்கியம்.

தனபாக்கியத்துக்கும் எனக்கும் பதினைந்து வருடச் சண்டை. முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்துப் புதுச்சத்திரம் வரை கொண்டுபோய் விற்பவள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய அன்னக்கூடையை பஸ்ஸுக்குள் ஏற்ற விடமாட்டேன். பின்னால் டிக்கியில்தான் வைக்க வேண்டும். டிக்கி சூட்டில் ஐஸ் உருகிவிடுகிறது என்பாள். உருகட்டும் என்பேன். "உன் மூஞ்சிய விட எம் மீனு நல்லாத்தான்யா இருக்குது" என்று அவள் சொன்னதற்கு மொத்த பஸ்ஸும் சிரித்திருக்கிறது.

அப்படிப்பட்டவள் நான் கத்தியதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது. துண்டை விலக்கிக் காட்டினாள். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை கறுத்து, தோல் வறண்டு வெடித்திருந்தது. அடுப்பில் சுட்ட கத்தரிக்காய் மாதிரி.

பக்கத்தில் இருந்த மருமகள் ரேவதிதான் பேசினாள். "வாயில புத்து கண்டக்டரே. சிதம்பரம் ஆஸ்பத்திரியில கரண்ட் வைக்கிறாங்க. முப்பத்தி மூணு தடவ. இன்னைக்கோட பதினஞ்சு. அந்தப் பக்கம் உக்காந்தா வெயிலு நேரா கழுத்துல அடிக்குது, அத்தைக்குத் தாங்கல."

கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். நான் வெளியே பார்த்தேன். காலையில் தெற்கே போகிறோம், வெயில் இடது பக்கம். பிற்பகல் வடக்கே திரும்புகிறோம், அப்போதும் இடது பக்கம்தான். போகும்போதும் வரும்போதும் பெண்கள் பக்கமே வெயிலில் காய்கிறது. அத்தனை வருடமாக ஒரு நாளைக்கு நாலு டிரிப் போயிருக்கிறேன். இதைக் கவனித்ததே இல்லை. நான் நின்றுகொண்டே போகிறவன்.

"உக்காரு" என்றேன்.

2. ஆம்பளை சீட்

மறுநாளிலிருந்து அந்த சீட்டை முதுநகர் வரும்வரை என் துண்டைப் போட்டுப் பிடித்து வைத்தேன். ஜன்னலோரம்தான் வேண்டும். நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தால் நிற்கிறவர்களின் முழங்கையும் பையும் கழுத்தில் இடிக்கும்.

மூன்றாம் நாளே ஒருத்தர் சண்டைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த பேப்பர், தினமும் வருகிறவர்.

"என்ன கண்டக்டரே, ஆம்பளைங்க சீட்டுல பொம்பளைய உக்கார வச்சிருக்கீங்க. நாங்க எங்க போறது?"

"நின்னுகிட்டு வாங்க."

"நான் ஓனர் கிட்ட சொல்லுவேன்."

"நம்பர் வேணுமா, எழுதித் தரட்டா?"

தனபாக்கியம் துண்டை விலக்கி அவரைப் பார்த்தாள். வாயெல்லாம் புண். பேசுவது கஷ்டம். ஆனாலும் பேசினாள். "உக்காருங்க சார். எங்கூட சேந்து கரண்டும் வச்சிக்கிட்டு வரலாம்."

அந்த மனுஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வாரத்தில், நான் மறந்தாலும் அவரே அந்த சீட்டில் பேப்பரைப் போட்டுப் பிடித்து வைக்க ஆரம்பித்தார். அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. திருப்பி வாங்கிக்கொண்டேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

இன்னொருவர் சேர்ந்தார். ஆலப்பாக்கத்தில் ஏறும் ரிட்டயர்டு வாத்தியார். அவருக்கும் தொண்டையில் கரண்ட். முதல் நாள் மடிப்புக் கலையாத காலர் சட்டையில் வந்தார். காலர் உரசி உரசிக் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. அடுத்த நாள் அதே சட்டை, காலர் இல்லை.

"என்ன சார், காலரு எங்க?"

"வீட்டுல கத்திரிக்கோல் வச்சுட்டாங்கப்பா. அஞ்சு சட்டைக்கும். நான் தூங்கும்போது."

அவரும் தனபாக்கியமும் ஒரே வரிசை. ஏறியதும் நம்பர் கேட்டுக்கொள்வார்கள். "எத்தினி சார்?" "பதினொண்ணு. நீ?" "பத்தொம்போது." "என்னைவிட சீனியர்" என்று அவர் கும்பிடுவார். பஸ்ஸில் அந்த வரிசைக்குக் கரண்ட் வரிசை என்றே பெயர் வந்துவிட்டது. தெரியாதவர் யாராவது உட்கார்ந்தால் பின்சீட்டிலிருந்தே குரல் வரும்: "அது கரண்ட் சீட்டு, எழுந்துருங்க, ஷாக் அடிக்கும்."

3. ஐஸ்

இது நான் செய்த தப்பு.

பத்தொன்பதாவது, இருபதாவது கரண்ட் சமயத்தில் அவளுக்குக் கழுத்து எரிச்சல் அதிகமானது. பஸ்ஸில் உட்கார முடியாமல் நெளிவாள். ஒரு நாள் அவளே சொன்னாள். "மீனு கெடாம இருக்க என்னா வைக்கிறோம்? ஐஸ்தானே. எங்கழுத்துக்கு மட்டும் வச்சா என்னவாம்."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. டிரைவர் இஸ்மாயில் பாய்க்கும் பட்டது. முதுநகரில் ஐஸ் உடைக்கிற இடத்தில் பாய் வண்டியை ஒரு நிமிடம் ஓரம் கட்டுவார். நான் இறங்கி ஒரு கவர் ஐஸ் வாங்கிக் கொடுப்பேன். அதைத் துண்டில் சுற்றிச் சிதம்பரம் வரை கழுத்தில் அழுத்திக்கொண்டு போவாள். மூன்று நாள் இப்படி. ஏதோ பெரிய வைத்தியம் பார்த்துவிட்ட மாதிரி எனக்கு ஒரே பெருமை.

நாலாவது நாள் துண்டை எடுத்தபோது தோல் துண்டோடு வந்தது. அடியில் சிவப்பாக, நீர் வடிந்துகொண்டு. அன்று ரேவதி வரவில்லை. சிதம்பரத்தில் வண்டிக்கு நாற்பது நிமிடம் ஹால்ட். நான் ஆட்டோ வைத்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே கரண்ட் வைக்கிற இடத்தில் ஒரு சிஸ்டர். சின்ன உருவம். என்னைவிடக் கோபக்காரி.

"என்ன வச்சீங்க?"

"ஐஸு."

"யார் சொன்னது?"

நான் கையைத் தூக்கினேன்.

"நீங்க யாரு, இவங்க வீட்டுக்காரரா?"

"ஐயோ, கண்டக்டர் சிஸ்டர்."

கட்டிலில் இருந்து தனபாக்கியம் அந்த வலியிலும் சொன்னாள். "இவனா எம் புருசன். அதுக்கு நூறு கரண்டு வச்சிக்குவேன்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார். அப்புறம் திட்டினார். நான் பஸ்ஸில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக யாரும் என்னைத் திட்டியதில்லை. அந்தத் தோல் ஏற்கெனவே வெந்த தோல். அதன்மேல் ஐஸ் வைத்தால் இன்னும் புண்ணாகும். வெந்நீர் ஒத்தடமும் ஆகாது. மஞ்சள், திருநீறு, பவுடர், கோயில் எண்ணெய் எதுவும் கூடாது. நான் மாதா கோயில் எண்ணெய் வாங்கி வைத்திருந்தேன், பைக்குள்ளேயே இருந்தது, வெளியே எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற களிம்பு மட்டும், அதுவும் அவர்கள் சொல்கிற நேரத்தில். தேய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றி, பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உரிகிற தோலைப் பிய்க்கக் கூடாது. பாசிமணி கூட வேண்டாம். வெயில் கூடவே கூடாது. நீர் வடிந்தால் அன்றே வந்து காட்ட வேண்டும்.

"வெயில் படாமத்தான் கூட்டியாறேன்" என்றேன்.

"அது ஒண்ணுதான் நீங்க உருப்படியா செஞ்சது" என்றார் சிஸ்டர்.

டாக்டர் வந்து பார்த்தார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், கரண்டை நிறுத்தவில்லை. "நடுவுல விடக்கூடாது. விட்டா இவ்வளவு நாள் பட்டதுக்குப் பலன் கொறஞ்சு போயிடும்" என்று டாக்டர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அடுத்த வாரம் அந்த வார்த்தை எனக்குத் தேவைப்பட்டது.

4. ஆறு நிமிடம்

இருபத்தைந்தாவது நாள் முதுநகர் ஸ்டாப்பில் தனபாக்கியம் இல்லை. ரேவதி மட்டும் நின்றாள், கண் சிவந்து.

"அத்தை வரல. போதும்னுட்டாங்க. கஞ்சி கூட எறங்கல, கழுத்தைத் தொட முடியல, இருபத்தி நாலே போதும், விடுன்னுட்டாங்க."

வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், தனியார் பஸ்ஸில் டைம்தான் சாமி. எங்களுக்குப் பின்னால் ஐந்து நிமிடத்தில் அடுத்த வண்டி. நான் பாயைப் பார்த்தேன். பாய் எஞ்சினை ஆஃப் செய்தார். இருபது வருடத்தில் அவர் ஸ்டாப்பில் எஞ்சினை ஆஃப் செய்து நான் பார்த்ததில்லை.

இரண்டு தெரு தள்ளி வீடு. ஓடினேன். பின்னால் பஸ்ஸில் ஒருத்தன் கேட்டது காதில் விழுந்தது. "என்ன பாய், கண்டக்டரு கொழம்புக்கு மீன் வாங்கப் போயிட்டாரா?"

தனபாக்கியம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் காலியான அன்னக்கூடை, கவிழ்த்து வைத்தது.

"பஸ்சு நிக்குது, வா."

"போய்யா."

"ஒம்போதுதான் பாக்கி."

"கண்ணாடியில பாத்தியா என்னை? செதில் எடுத்த மீன் மாதிரி ஆயிட்டேன். நானே எம் மூஞ்சிய வாங்கமாட்டேன்."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வீட்டிலும் அதுதான் புகார். கோபம் மட்டும்தான் வந்தது.

"பத்து நாளா எம் பஸ்சுல ஆம்பளை சீட்டுல உக்காந்து வந்தியே, அத்தினி பேருகிட்ட எதுக்கு நான் சண்ட போட்டேன்? நடுவுல விட்டா பட்டதெல்லாம் வீணுன்னு டாக்டரு சொல்றத நீயும்தானே கேட்ட? அங்க ஆலப்பாக்கத்துல வாத்தியாரு உனக்காக நம்பர் வச்சிக்கிட்டு நின்னுக்கிட்டிருப்பாரு. அவருகிட்ட நான் என்னான்னு சொல்றது?"

அவள் கூடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மீனுக்கு விலை பேசுகிற பார்வை.

"முப்பத்தி மூணும் முடிச்சா, எங்கூடைய பஸ்சுக்குள்ள ஏத்துவியா?"

"என்னது?"

"டிக்கியில இல்ல. உள்ள. எங்கால்கிட்ட."

ஸ்டாப் பக்கமிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. பின் வண்டி எங்களைத் தாண்டிப் போகிறது.

"ஒரு டிரிப்பு" என்றேன்.

"சாகுற வரைக்கும்."

"அதெல்லாம் முடியாது. ஒரு டிரிப்பு."

"அப்ப நீ போ."

"சரி, ஏத்து, வந்து தொல."

அவள் எழுந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஏறியபோது ஆறு நிமிடம் லேட். வெள்ளைச் சட்டைக்காரர் சீட்டிலிருந்து பேப்பரை எடுத்தார். ஆலப்பாக்கத்தில் ஏறிய வாத்தியார், "எத்தினி?" என்றார். "இருபத்தஞ்சு" என்றாள், என்னமோ அவளாகவே கிளம்பி வந்த மாதிரி.

அந்த ஆறு நிமிடத்துக்கு ஓனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாயும் வாங்கிக் கட்டிக்கொண்டார். வெளியே வந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். நன்றாக இருந்தது டீ.

5. உள்ளே

முப்பத்து மூன்றும் முடித்தாள். கடைசி நாள் வாத்தியார் எழுந்து நின்று கை தட்ட, பஸ் முழுக்கத் தட்டியது. சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: முடித்த பிறகும் பத்து நாள் எரிச்சல் ஜாஸ்தியாகத்தான் இருக்கும், பயந்துவிடாதீர்கள், அதற்கப்புறம் ஆறும். அப்படியே நடந்தது. கருப்புத் தோல் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. அடியில் புதுத் தோல், வெளிர் நிறத்தில், குழந்தைக் காது மாதிரி. வாத்தியாரும் முடித்தார். இன்னும் காலர் இல்லாத சட்டைதான் போடுகிறார். காற்றோட்டமாக இருக்கிறதாம்.

மூன்று மாதம் தனபாக்கியத்தைக் காணவில்லை. பரிசோதனைக்குப் போகும்போது வேறு டிரிப்பில் போகிறாள் என்று ரேவதி சொன்னாள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, முதுநகர் ஸ்டாப்பில் பஸ் நிற்கும் முன்பே அந்தக் குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பு சேர்ந்திருந்தது. சத்தம் குறையவில்லை.

"யோவ் கண்டக்டரே. கதவத் தொற. வஞ்சிரம் வந்திருக்குது."

தலையில் அன்னக்கூடை. ரேவதி கையில் இன்னொன்று. ஒரு கூடை என்றுதான் பேசியிருந்தோம்.

"ரெண்டு கூடையா?"

"எத்தினி கூடன்னு நீ சொல்லலயே."

ஏற்றினேன். ஐஸ் தண்ணீர் பஸ் முழுக்க ஓடியது. ஒரு அம்மா காலைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டினார். ஒரு காலேஜ் பையன் மூக்கைப் பொத்தினான். வெள்ளைச் சட்டைக்காரர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "டிக்கின்னு ஒண்ணு எதுக்குய்யா இருக்குது?" என்று கேட்டார். பதினைந்து வருடமாக நான் கேட்ட கேள்வி. பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார்.

தனபாக்கியம் நேராக வலது பக்கம் மூன்றாவது வரிசைக்குப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கூடையைக் கால் அருகே இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்குத்தான் ஆறிப்போச்சுல்ல. லேடீஸ் சீட்டு காலியாத்தானே கெடக்குது" என்றேன்.

"புதுத் தோலு. வெயிலு படக்கூடாதுன்னு சிஸ்டரு சொல்லியிருக்காங்க. போய் அவங்ககிட்ட கேளு."

கேட்கப் போகவில்லை. எனக்கே தெரியும், சிஸ்டர் அப்படித்தான் சொல்லியிருப்பார். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

நான் ரிட்டயர் ஆகிற வரை அந்தக் கூடை பஸ்ஸுக்குள்தான் வந்தது. ஓனருக்கு இன்றுவரை தெரியாது, இதைப் படித்தால் தெரியும். எனக்குப் பின்னால் அந்தக் கண்டக்டர் பையை மாட்டியிருப்பவருக்கு ஒன்று சொல்கிறேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு யாராவது ஏறினால், ஆணா பெண்ணா என்று பார்க்காதே. வெயில் எந்தப் பக்கம் என்று பார். பிறகு கூடையைப் பற்றிச் சண்டை போடு. தோற்றுப்போவாய், பரவாயில்லை.