யாருக்கும் சொல்லக்கூடாத கல்

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியவரும், ஆனால் அதைச் செத்தாலும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் பஸ் ஏறிப் போவீர்களா?

போவேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பெங்களூர் வந்து இத்தனை நாளாகியும் எனக்குப் பழகாத ஒரே சங்கதி, திங்கட்கிழமை காலை வைட்ஃபீல்ட் போகும் கம்பெனி பஸ்ஸில் கேட்கிற கேள்விதான். “வீக்எண்ட் என்ன பண்ணே?” திண்டிவனத்தில் ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. ஞாயிறு என்றால் கறி எடுப்போம், தின்போம், தூங்குவோம், அதில் கேட்க என்ன இருக்கிறது? இங்கே அது வைவா பரீட்சை மாதிரி. ஒருத்தன் சால்சா கற்கிறான். ஒருத்தி களிமண்ணில் குடுவை செய்கிறாள். எங்கள் டீம் லீட் ஒயின் ருசிக்கக் கற்றுக்கொண்டு வந்து, அதில் ஓக் மர வாசனை வருகிறது என்றார். ஓக் மரத்தை அவர் எப்போது மோந்து பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் சந்தேகம் வந்தது. இவர்கள் கற்றுக்கொள்ளப் போகிறார்களா, திங்கட்கிழமை சொல்லப் போகிறார்களா?

ஊரில் கதை வேறு. பாடப் புத்தகத்துக்கு வெளியே எதைத் தொட்டாலும் அப்பா, “இது பரீட்சைல வருமா?” என்பார். வராது என்றால் கதை முடிந்தது. அங்கே அறிவுக்கு மார்க் வேண்டும், இங்கே ஆடியன்ஸ் வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒன்றைச் சும்மா தெரிந்துகொள்கிற ஆளை நான் இரண்டு ஊரிலும் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தன் இருந்தால் அது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் கல்வெட்டு.

வந்த புதிதில் மழைக்கு ஒதுங்கிய ஒரு பழைய கோயிலின் அடிச்சுவரில் எழுத்து தெரிந்தது. தமிழ் மாதிரி இருந்தது. பெங்களூருக்கு நடுவில் தமிழ், அதுவும் எனக்கே படிக்க வராத தமிழ். மானம் போனது. கல்வெட்டு எழுத்து அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்துப் பழகினேன். பழைய கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது, ‘க’வா ‘க்’கா என்று நாமேதான் முடிவு செய்யவேண்டும். அந்தக் கிறுக்கு பிடித்துப்போனது. ஆபீஸில் வாயை விட்டேன். உடனே என் பெயர் ‘கல்லு’ ஆனது. அதைவிட முக்கியமாக, அடுத்த சீட் தீபா தானும் வருகிறேன் என்றாள்.

தீபாவின் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் மைசூர் சர்க்கார் வேலைக்கு வந்து மல்லேஸ்வரத்தில் தங்கிவிட்ட குடும்பம். அம்மாவிடம் தமிழ், கடைக்காரரிடம் கன்னடம், மாறுவது அவளுக்கே தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நாங்கள் காவிரிச் செய்தி வரும் நாட்களில் போனில் குரலைத் தாழ்த்தித் தமிழ் பேசுவோம். அவள் எந்த நாளிலும் எதையும் தாழ்த்தியதில்லை. சனிக்கிழமைகளில் ஆனேக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டே போவோம். அந்தப் பக்கத்து ஊர்களில் எழுத்து வெட்டிய கல் நிறையக் கிடக்கிறது.

“உண்மையச் சொல்லு. நீ எதுக்குக் கல்லு படிக்கற?” என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டாள்.

“சும்மாதான்.”

“சும்னே யாரும் கம்பியப் பிடிச்சுண்டு இவ்ளோ தூரம் வரமாட்டா. என்கூட வரதுக்குத்தானே?”

“ஆமா, இந்த நசுங்கல் பஸ்ல உன்கூட நிக்கறதுக்குத்தான். நீ மட்டும் என்னவாம்? அமெரிக்கா காலேஜ் அப்ளிகேஷன்ல எழுதத்தானே?”

“எழுதினா என்ன தப்பு?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சொன்னதும் பாதி நிஜம், நான் சொன்னதும் பாதி நிஜம். மீதிப் பாதி என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்றைக்குத்தான் முனியப்பா என்கிற விவசாயியின் நிலத்துக்குப் போனோம். ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன். ராகிக் கொல்லை ஓரம், வேப்ப மரத்தடியில் இடுப்புயரக் கல். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பித் தோல் மாதிரி ஆகியிருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு எழுத்தின் வால் தெரிந்தது. முனியப்பா மண்வெட்டியோடு வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா, சர்வேயா? ரோடா, லேஅவுட்டா?”

“ரெண்டும் இல்லண்ணா. கல்லு பாக்க வந்தோம்.”

அவர் நம்பவில்லை. அவர் மனைவி ரத்னம்மா தீபாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, “ஓடி வந்த ஜோடிங்களா? அப்பிடின்னா கோயிலு அந்தப் பக்கம், இது தாலி கட்ற சாமி இல்ல” என்றார். தீபா சிரித்த சிரிப்பில் கொஞ்சம் இறுக்கம் விட்டது. படிக்க விடுவீர்களா என்று கேட்டேன்.

“படிச்சி?” என்றார் முனியப்பா.

“தெரிஞ்சிக்கத்தான்.”

“தெரிஞ்சிகினு யாருக்குச் சொல்லப் போற?”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார். “பக்கத்து ஊர்ல இந்த மாதிரி ஒரு கல்லு இருந்திச்சி. யாரோ ஃபோட்டோ புடிச்சி பேப்பர்ல போட்டாங்கோ. ஒரு நாளு தமிழுக் கொடி புடிச்சிகினு ஒரு கும்பல் வந்திச்சி, மால போட்டாங்கோ. மறுநாளு கன்னடக் கொடி புடிச்சிகினு ஒரு கும்பல் வந்திச்சி, சண்ட போட்டாங்கோ. எல்லாம் போனப்பறம் பாத்தா கல்லையே காணோம். அந்த வூட்டுக்காரன் வெறும் குழிக்குக் கற்பூரம் காட்டினு கீறான்.”

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கிற அன்று காலையில் ரத்னம்மா கல்லைச் சுடுதண்ணீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். புது எண்ணெய் பூசுகிறவரை கல் வெறுமையாக இருக்கும். அப்போது வந்து படிக்கலாம். கேமரா கூடாது, பேப்பர் பேனா கூடாது, யாருக்கும் சொல்லக்கூடாது.

“உங்களுக்கு மட்டும் சொல்லிட்றோம்” என்றாள் தீபா.

“எனக்கும் வோணாம்மா. எங்களுக்கு அது முனீஸ்வரன். எழுத்துல வேற யார்னா இருந்துட்டா நான் யாருக்குக் கோழி அறுக்கறது?”

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதைவிட மோசமான பேரம் எனக்கு யாரும் போட்டதில்லை. மார்க் இல்லை, ஆடியன்ஸ் இல்லை, கல்லுக்குச் சொந்தக்காரருக்கே வேண்டாம். இனி அந்தக் கல்லைப் படிக்கிறவன் படிப்பதற்காக மட்டும்தான் படிக்கவேண்டும். இத்தனை நாள் சால்சாக்காரனைக் கிண்டல் அடித்தவன் நான். இப்போது போகாவிட்டால் என்ன அர்த்தம்? போவதும் அதை நிரூபிக்கத்தான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? தீபா வருவாளா என்பதே சந்தேகமாக இருந்தது. அப்ளிகேஷனில் எழுத முடியாத கல் அவளுக்கு எதற்கு?

பொங்கல் வைக்கிற அன்று காலையில் வந்தாள். தன் பையை நேராக ரத்னம்மாவிடம் கொடுத்து, “செக் பண்ணிக்கோங்கோ” என்றாள். ரத்னம்மா நிஜமாகவே துழாவிப் பார்த்தார், எனக்குப் பிடித்தது. என் பாக்கெட்டுகளையும் தட்டினார். கழுவின கல் கறுப்பும் சாம்பலுமாக, குளித்துவிட்டு வந்த ஆள் மாதிரி நின்றது. கொஞ்சம் அரிசி மாவை உள்ளங்கையால் தேய்த்தோம், எழுத்துக் குழிகள் வெள்ளையாக எழும்பின. இரண்டு பேரும் மண்டிபோட்டு, வாய்க்குள் முணுமுணுத்து, விரலால் தடவிப் படித்தோம். முனியப்பா தள்ளிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது வரியில் தீபாவின் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள். என் விரலும் அங்கேதான் நின்றிருந்தது. அவள் படித்ததைத்தான் நானும் படித்தேனா என்று கேட்கத் துடித்தேன், முனியப்பாவுக்குக் கேட்டுவிடுமே என்று கேட்கவில்லை. ரத்னம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, “ஆச்சா?” என்றார். ஆச்சு என்றோம். முழுக் கையால் எண்ணெயை இழுத்துப் பூசினார், எழுத்து போய்விட்டது.

அந்தத் திங்கட்கிழமை லஞ்சில் காவிரிச் சண்டை. சேலத்துக்காரன் சரவணன் ஒரு பக்கம், மண்டியாவிலிருந்து வந்த கிரீஷ் ஒரு பக்கம். தண்ணீரில் ஆரம்பித்து, இந்த ஊருக்கு யார் முதலில் வந்தது என்பதில் வந்து நின்றது. சரவணன் என் தோளைத் தட்டினான்.

“டேய் கல்லு, நீ சொல்றா. ஊரெல்லாம் சுத்திப் படிக்கிறியே, ஒண்ணு எடுத்து விடு.”

“சொல்லு குரு, நானும் கேக்கறேன்” என்றான் கிரீஷ். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் கையில் இருந்த சப்பாத்தி அப்படியே நின்றது.

அந்தக் கல்லின் மூன்றாவது வரி போதும், மேஜை அடங்கியிருக்கும். எந்தப் பக்கம் அடங்கியிருக்கும் என்பதைக்கூட நான் சொல்லமாட்டேன். என் வாய் திறந்தே விட்டது. ராகிக் கொல்லையும் ரத்னம்மாவின் எண்ணெய்க் கையும் ஞாபகம் வந்ததா, எதிரே தீபா டப்பாவை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது காரணமா, தெரியவில்லை. “எனக்குத் தெரியாதுடா” என்றேன். சரவணன், “த்தூ, பயந்தாங்கொள்ளி” என்றான். கிரீஷ், “தெரியும், வேணும்னே மறைக்கறான்” என்றான். இரண்டு பக்கமும் என்னைத் தன் ஆள் இல்லை என்று முடிவு கட்டின.

காபி மெஷின் பக்கத்தில் தீபா பிடித்துக்கொண்டாள். “நெஜமாவே சொல்லக்கூடாதுன்னு சொல்லலையா, இல்ல நான் பாத்துண்டிருந்ததாலயா?”

“நீ அப்ளிகேஷன்ல எழுதினியா?”

“எழுதி அழிச்சேன்.”

“நம்பவா?”

“நான் உன்ன நம்பணும்னா நம்பு.”

கல் அங்கேயேதான் இருக்கிறது, போன வாரம்கூட பஸ்ஸில் அந்தப் பக்கம் போகையில் பார்த்தேன். எந்தக் கொடியும் இல்லை. முனியப்பா கோழி அறுத்துக்கொண்டிருக்கிறார், போதும். என்னைப் பற்றித்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சொல்லமாட்டேன் என்பதைத் திண்டிவனத்திலிருந்து நியூஜெர்சிவரை ஆள் இருக்கிற இந்த இணையக் குழுமத்தில் இவ்வளவு நீளமாகத் தட்டுகிறேனே, இதுவும் ஃபிலிம் காட்டுவதுதானா? அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். தீபா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறாள்.