சந்தனம் காய்ந்த திருகும் என் தாளமும்

ரெக்கார்டிங் குமரேசன் செத்துப்போனான். காலையில் நெஞ்சுவலி... செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஃபேஸ்புக்கில் 'காலமானார்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். விரல் போகவில்லை. நல்ல வார்த்தை எதிர்பார்ப்பவர்கள் வேறு யாருடைய பக்கத்துக்காவது போய்விடுங்கள், அங்கே நிறைய இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு... திருக்கழுக்குன்றத்தில் ஹார்டுவேர் கடை மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், மைக்கை அதோடு இணைக்கும் ஒரு சின்னப் பெட்டி, சுவர் முழுக்க முட்டை அட்டை. இந்தப் பக்கத்துக் கோயில் பாட்டு, கட்சிப் பாட்டு, காதுகுத்துப் பாட்டு எல்லாம் அங்கேதான் பிறக்கும்.

நான் பகலில் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவன். கிருத்திகைக்குக் கிருத்திகை திருப்போரூரில் எங்கள் பஜனைக் குழுவின் முன்வரிசையில் நின்று பாடுகிறவன்... பாடியவன். வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. வாயைத் திறந்தால் நாலு பேர் நிமிர்ந்து பார்த்த ஒரே இடம் அதுதான்.

போன வருஷம் முருகன் மேல் நானே ஒரு பாட்டு எழுதினேன். சுமாரான பாட்டுதான். குழுத் தலைவர் பெருந்தன்மையாக, "திருவிழாவுக்கு ஸ்பீக்கர்ல போடலாம், குமரேசன்கிட்ட பாடிட்டு வாங்க" என்றார்.

போனேன். ஹெட்போனை மாட்டினான். மிருதங்கம் ஓடியது, நான் பாட ஆரம்பித்தேன்... என் குரல் எனக்கே கொஞ்சம் பின்னால் வந்தது. மொட்டை மாடியில் வேறு யாரோ என்னைக் கிண்டல் செய்வதுபோல.

அது வந்து சேரட்டும் என்று நான் காத்திருந்தேன். மிருதங்கம் காத்திருக்கவில்லை.

"அண்ணாத்த, தாளம் முன்னாடி போய்கினு கீது. நீ இன்னா பஸ்ஸ வுட்ட ஆளு மாதிரி ஓடியாற?"

"என் குரலே எனக்கு லேட்டா கேக்குதுப்பா."

"காதுல எண்ணெ வுடு, சரியாப் பூடும்."

பதினோரு முறை பாடினேன். பன்னிரண்டாவதுக்கு ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு அவனே பாடிவிட்டான். திருவிழாவில் நாலு வீதியிலும் என் பாட்டு, அவன் குரல்.

அதோடு விட்டானா... டீக்கடையில் ஆரம்பித்து சலூன் வரை, "நம்ம அண்ணாத்தைக்குத் தாளம் சுத்தமா இல்லப்பா" என்று பரப்பினான். அடுத்த கிருத்திகைக்குத் தலைவர் என் தோளில் கைபோட்டு, "நீங்க கொஞ்ச நாள் சுண்டல் பாத்துக்குங்க" என்றார்.

முன்வரிசையிலிருந்து சுண்டல் அண்டாவுக்கு. என் மனைவி மட்டும், சுண்டல் நன்றாக இருந்தது என்றாள்.

எனக்குத் தாளம் இல்லை என்பதை ஆறு மாதம் நானும் நம்பினேன். குளிக்கும்போதுகூடப் பாடவில்லை.

பிறகு மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ஆபீஸ் குடும்ப விழா. பாடச் சொன்னார்கள். தாளம் வராது என்று நானே அடக்கமாகச் சொன்னேன். அங்கே சவுண்ட் பார்க்கிற கவிதா என்ற பெண் விடவில்லை. ஹெட்போன் மாட்டி அவள் லேப்டாப்பில் பாட வைத்தாள்... ஒரே டேக். மிருதங்கமும் நானும் ஒட்டிப் பிறந்த மாதிரி.

குமரேசன் கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

"சார், கம்ப்யூட்டர் உங்க குரலைக் கொஞ்சம் சேத்து வெச்சு அப்புறம்தான் காதுக்கு அனுப்பும். அதுக்குப் பேரு பஃபர். கம்மியா வெச்சா பழைய மெஷின் தாங்காது, டப்பு டப்புனு பாட்டு அறுந்துபோகும். அதுக்குப் பயந்து ஏத்தி வெச்சிருப்பாரு. ஏத்துனா குரல் லேட்டாதான் வரும்."

"அப்ப நான் பாடவே முடியாதா?"

"பெட்டியிலேயே டைரக்ட்னு ஒரு திருகு இருக்குமே. அதைத் திருப்புனா கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்தாம உங்க குரல் நேரா காதுக்கு வந்துடும். அது தெரியாதா அவருக்கு?"

மறுநாளே மாடிப்படி ஏறினேன். பெட்டியைப் பார்த்தேன். திருகு இருந்தது.

அதன்மேல் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனம், குங்குமம்... வருஷக்கணக்கில் அடுக்கடுக்காக. உள்ளே இறங்கிக் காய்ந்து சிமெண்ட் போல இறுகியிருந்தது. திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை.

கையைத் தட்டிவிட்டான். "சாமிக்கு வெச்ச பொட்டு. நோண்டாத."

"இதனாலதான் நான் பின்னாடி வந்தேன். தெரியுமா உனக்கு?"

கீழே யாராவது வருகிறார்களா என்று படிக்கட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "தெரியும்" என்றான்.

"பின்ன ஏன்டா ஊரெல்லாம் சொன்ன?"

"பொட்டி ரிப்பேருன்னு சொன்னா எவன் வருவான்? ஒனக்கு ஆபீஸ் கீது அண்ணாத்த. எனக்கு இது ஒண்ணுதான்."

தலைவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல் என்று கெஞ்சினேன். ஆமாம், நான்தான் அவனிடம் கெஞ்சினேன். "வர்ற கிருத்திகைக்கு நானே வந்து சொல்றேன்" என்றான்.

நாலு கிருத்திகை போனது. நாலுக்கும் வந்தான். சுண்டல் வாங்கிக்கொண்டு போனான்.

இன்று மதியம் மாலையோடு அவன் வீட்டுக்குப் போனேன். தலைவரைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் போனேன், மறைக்கவில்லை. சொல்ல வாயெடுத்தபோது குமரேசன் மனைவி தலைவரிடம், "யாரையும் ஒரு பொய் சொல்லி ஏமாத்துனது இல்லண்ணா அவுரு" என்று அழுதுகொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டேன்.

குழு பதிகம் பாட உட்கார்ந்தது. பழக்கதோஷத்தில் நானும் முன்வரிசைக்கு நகர்ந்தேன். தலைவர் என் காதருகே வந்து, "அண்ணாத்த, நீங்க டீ பாத்துக்குங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். எண்பது டீ இருக்கும்.

தலைவரே, நீங்கள் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஃபேஸ்புக் கிடையாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

குமரேசா... கோபம் அப்படியேதான் இருக்கிறது. போ.