ஆசீர்வாதமும் இருபத்துநான்கு அப்பிரகத் தகடுகளும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, கரும்பலகையில் கணக்கு பாதியில் நிற்கும்போது, கல்லூரிச் சேவகன் வகுப்பு வாசலில் வந்து நின்றான். ஆசீர்வாதம் விடியற்காலையில் காய்ச்சலில் போய்விட்டார் என்றான். மீதிக் கணக்கை என்னால் போட முடியவில்லை. பாளையங்கோட்டையில் அவரோடு பழகிய உங்களுக்கெல்லாம் என் நிலைமை புரியும். பழகாதவர்கள் கொடுத்துவைக்காதவர்கள். அவர்களுடைய மூக்காவது தப்பித்தது.

அவர் பௌதிகப் பிரிவில் செய்முறை உதவியாளர். நான் கணித ஆசிரியன். ஒருநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த பித்தக்கற்களைத் தரும்படி டாக்டரிடம் கேட்டிருக்கிறார். யாருக்கு வைத்தியம் என்று டாக்டர் கேட்க, வெளிச்சத்துக்கு என்றாராம். அந்தக் கற்களிலிருந்து மெழுகு போன்ற ஒரு பொருளைப் பிரித்து, ஓர் அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சி, விளக்கின் மேல் உருக்கினார். சைவப் பிள்ளையான நான் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். உருகியது கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கலாக இருந்தது. ஆறும்போது அதன்மேல் நீலம் ஓடியது. அப்படியொரு நீலத்தை நான் கண்டதில்லை. சாயம் ஒரு சொட்டும் அதில் இல்லை. துண்டு கீழே விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியில் இதைப் பாயும் படிகம் என்கிறார்கள் என்றும், நீலம் எங்கிருந்து வருகிறது என்று அங்கேயே இன்னும் சண்டை என்றும் சொன்னார். தமக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. "உள்ளுக்குள்ள ஏடு ஏடா அடுக்கியிருக்கு வே. ஒவ்வொரு ஏடும் கீழ உள்ளதவிடக் கொஞ்சம் திரும்பிப் படுத்திருக்கு, எங்க கோயில் மணிக்கூண்டுப் படி சுத்துத மாதிரி. வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி வருது, அதான் நீலம்."

அந்த ஏடுகளைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகையால் மாதிரி ஒன்று செய்யத் தீர்மானித்தார். மைக்கா என்கிற அப்பிரகத்தை மெல்லிய தகடுகளாக உரித்து, ஒவ்வொன்றையும் அறுபது பாகை திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது. ஒரு குழாயின் இரண்டு முனைகளிலும் ஒளியை வடிகட்டும் படிகங்களைக் குறுக்காக வைத்தால் உள்ளே இருட்டு. நடுவில் இந்த அடுக்கை வைத்தால் அது ஒளியை முறுக்கிவிடும், வெளிச்சம் தெரியும். எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். சென்னையிலிருந்து சோதனைக்கு வரும் துரை இதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஆசீர்வாதம் விரிவுரையாளர் ஆவார். பதினான்கு வருஷம் மற்றவர்கள் பாடம் நடத்த மேசை துடைத்துக் கொடுத்தவருக்கு அது சின்ன விஷயமல்ல.

துரை வரும் நாள் காலையில் பன்னிரண்டு தகடுகளை ஒட்டி முடித்தபோது அவருக்கு வகுப்பு மணி அடித்துவிட்டது. மீதிப் பன்னிரண்டை என்னிடம் ஒப்படைத்தார். "அறுபது பாகை வே, கூடக் குறைய ஆயிரப்பிடாது" என்று மட்டும் சொன்னார். பாகையில் நான் மயிரிழை தப்பவில்லை. எந்தப் பக்கம் திருப்புவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சந்நிதியைச் சுற்றுவதிலிருந்து ஆரத்தி எடுப்பது வரை எங்கள் வீட்டில் எல்லாம் வலம்தான். இடமாகச் சுற்றுவது சாவுக்கு. ஆகவே வலமாகத் திருப்பினேன். அவர் காலையில் இடமாகத் திருப்பியிருந்தார்.

சித்திரை மாத வெயில். சன்னல்களைக் கம்பளியால் மறைத்த அறையில் துரை, கல்லூரித் தலைவர், நாங்கள் இருவர் என்று நான்கு பேரும் வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தோம். துரை குழாயில் கண்ணை வைத்தார். ஆசீர்வாதத்தின் பாதி முறுக்கியதையெல்லாம் என்னுடைய பாதி ஒழுங்காக அவிழ்த்துவிட்டது. வெகுநேரம் பார்த்துவிட்டு, இருட்டு மிகவும் நேர்த்தியாக இருக்கிறது என்றார் துரை.

அவர் போனதும் அடுக்கின் ஓரத்தைப் பார்த்தேன். தகடுகளின் மூலைகள் பாதிவரை ஒரு பக்கமாகச் சுற்றி ஏறி, அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. என் பாதியால் வந்த வினை என்று தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஆசீர்வாதம் முந்திக்கொண்டார். "வெயில்ல பிசின் இளகிட்டு வே. அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?" கோழை நான், ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்த வாரம் தனியாகவே வேறோர் அடுக்குச் செய்து எனக்குக் காட்டினார். குழாய் முழுக்க வெளிச்சம். பார்க்கத்தான் துரை இல்லை. கடைசிவரை ஆசீர்வாதம் செய்முறை உதவியாளராகவே இருந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு அவருடைய மனைவியிடம் இதைச் சொல்லி அழுதேன். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அது அவுகளுக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. பிள்ளைவாளுக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிருவாரு, நீ மூச்சு விடாதன்னு சொன்னாக."

அதன்பின் ஏழு வருஷம் அவரும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் ஒளித்திருக்கிறோம். துக்க வீடு என்றும் பாராமல் அந்த அம்மாளுக்கும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மறுபடியும் அழுதோம்.

துரை எழுதிவிட்டுப் போன குறிப்பு இன்னும் கல்லூரி அலமாரியில் இருக்கிறது. ஆசீர்வாதம் என்ற பெயருக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று ஒரே சொல். நண்பர்களே, அவருடைய புத்தகங்களையும் கருவிகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.