மாரடைப்பு என்று எழுதிய ஊர்

பேப்பர் வந்ததும் ஜஸ்மேர் கௌர் இரங்கல் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார். இறந்தவர் படம், வயது, பத்தாம் நாள் பிரார்த்தனை எந்த குருத்வாராவில் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். கிழவர்களைத் தள்ளிவிட்டுப் போகும் விரல், மீசை அரும்பிய பையன்களின் மேல் நின்றுவிடும். "இருபத்திமூணு வயசு. மாரடைப்பாம்! கபடி ஆடின புள்ளைக்கு!"

இரண்டு எருமைகளையும் கறந்து முடித்துப் பஸ் ஏறிவிடுவார். முன்பின் தெரியாத வீடானாலும் சரி, பெண்களோடு உட்கார்ந்து அழுவார். பருப்பும் ரொட்டியும் சாப்பிடும்போது, செத்தவனின் அத்தையையோ சித்தியையோ பார்த்து மெல்லக் காதைக் கடிப்பார்: "ஊசியா, பொடியா?"

சர்க்காரிடம் அவர் கேட்பது இவ்வளவுதான். வட்டார ஆஸ்பத்திரியில் போதையை விடவைக்கப் பத்துக் கட்டில், ஒரு டாக்டர், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளோடு பேச ஓர் ஆள். "ஜெயில்ல போடக் காசு இருக்கு, கட்டில் போடக் காசில்லையா?" என்று ஏழு முறை மாவட்ட அலுவலகத்தில் சண்டை போட்டிருக்கிறார்.

எட்டாவது முறை வாய்த்த அதிகாரி நல்ல பையன். டீ வரவழைத்தான். இறப்புப் பதிவேட்டைப் புரட்டினான்.

"பீபிஜி, உங்க வட்டாரத்துல மூணு வருஷமா போதையால செத்தவங்க ஒருத்தர்கூட இல்லையே. எதைக் காட்டி நான் பணம் கேக்கறது?"

ஜஸ்மேர் கௌர் பதிவேட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தார். அவர் அழுதுவிட்டு வந்த பையன்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். எல்லோருக்கும் மாரடைப்பு. நடுவில் அவர் மகன் குர்லால். அவனுக்கும் அதுவே. எழுதிக் கொடுத்தது அவரேதான்! அவன் தங்கைக்கு வரன் அமையாதே என்று ஊரார் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டார். அடிப் பாவி, இத்தனை நாள் யாரிடம் போய்ச் சண்டை போட்டாய்? டீயைத் தொடவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பேப்பரில் மாரடைப்பு என்று படம் வந்திருந்த பையன் பல்காரின் பத்தாம் நாள். பிரார்த்தனை முடிந்ததும் பெரிய மனிதர்கள் மைக்கில் நாலு வார்த்தை பேசுவது வழக்கம். திடீர் நெஞ்சுவலி என்றார் ஒருவர். கடவுள் சித்தம் என்றார் இன்னொருவர். ஜஸ்மேர் கௌர் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"என் குர்லாலுக்கு நெஞ்சுவலி இல்ல. கையில ஊசியோட கெடந்தான். நான்தான் புடுங்கிச் சாணிக் குழியில போட்டேன். நாம பொய் எழுதினோம், சர்க்காரு கையை விரிச்சிடுச்சு. இன்னும் எத்தனை புள்ளைங்களுக்கு எழுதப் போறீங்க?"

"சாவு வீட்டுல வந்து எங்க மானத்தை வாங்கறியா? எறங்கு கீழ!" என்று பல்காரின் அப்பா கத்தினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பல்காரின் அம்மா எழுந்தாள். பத்து நாளாக வாய் திறக்காதவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். குள்ளமான பெண். ஜஸ்மேர் கௌர் மைக்கை அவள் வாய்க்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தார்.