குடற்சுவர் படித்த சிவபாலன்

பதுளையில் காலை வார்டு பார்த்துக்கொண்டிருந்தபோது கமலா அக்காவின் அழைப்பு வந்தது. ஹல்துமுல்லைத் தோட்டத்திலிருந்து பேசினார். "அவரு போயிட்டாரு டாக்டர்." அவர் கணவர், நோயியல் மருத்துவர் சிவபாலன், இறந்துவிட்டார். எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. இன்னும் அது முழுதாக இறங்கவில்லை. அவரோடு பழகி, இதை வாசிக்கும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் குடல் நோயாளிகளிடமிருந்து எடுக்கும் சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்பவர் அவர். பசறையிலிருந்து வந்த பெண்ணொருத்திக்கு வலியும் வயிற்றுப்போக்கும் நின்றிருந்தன. வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவரிடம் கேட்டேன். கூப்பிட்டு அவளுடைய துணுக்கைக் காட்டினார். சளி சுரந்து குடலுக்குப் பூச்சுப் போடும் செல்கள் அரிதாகியிருந்தன. அடியில் நோயெதிர்ப்புச் செல்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. சுவர்ச் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால்தான் குடற்கிருமி இரத்தத்துக்குள் போவதில்லை. காவலுக்கு வந்த செல்கள் கக்குகிற இரசாயனமே அந்தப் பிடியைத் தளர்த்திவிடும் என்றார். "வலி நின்னுருச்சுன்னு நம்பிராதீங்க டாக்டர். செவரு இன்னும் ஓட்டையாத்தான் கெடக்கு." அவளை அனுப்பவில்லை. பிழைத்துக்கொண்டாள்.

அதே நோய் அவருக்கும் இருந்தது. அவருடைய துணுக்கை அவரே பார்த்தார். வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னால் கேட்கிற ஆளா? பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "காவக்காரங்க ரொம்பப் பேரு வந்துட்டாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி மாதம் ஹல்துமுல்லையில் அவர் பிறந்த தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு முன்னால், மன்மதன் எரிந்து ரதி புலம்பும் காமன் கூத்து நடக்கும். ரதி வேஷம் அவருடையது. அவருடைய அப்பாவுக்குப் பிறகு அவர்தான். விரதமிருந்து மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டியவர், அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, ஆஸ்பத்திரி மருந்தும் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். இந்த வருடம் மாத்திரையை விடாதேங்கோ என்று எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் கெஞ்சினேன். இப்போது வலியே இல்லை என்றார், வலி நின்றதை நம்பாதே என்று எனக்குச் சொன்ன அதே வாயால். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மத்த நாளெல்லாம் நான் அவுங்களுக்கு டாக்டர். காப்புக் கட்டுனாத்தான் லயத்துப் புள்ள."

காய்ச்சல் கண்டபோதும் அவர் எல்லையைத் தாண்டவில்லை. வயிறு உப்பியது. கமலா அக்கா வேன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். காப்பு அவிழட்டும் என்றாராம். அது அவிழும் முன்பே போய்விட்டார். தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அந்த மலையிலேயே அவருக்கு மட்டும்தான் துல்லியமாகத் தெரியும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. வலி எப்படி இருக்கிறது என்று இப்போது முதலில் கேட்பதில்லை. நேற்று லுணுகலைப் பக்கத்து இளைஞன் ஒருவன் வந்தான், அதே நோய். உங்கள் தோட்டத்தில் என்ன திருவிழா வருகிறது, விரதமா என்று கேட்டேன். அவன் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து மூடினான்.

"வலி இல்லீங்க டாக்டர்" என்றான்.